ஒரு பொட்டலத்துக்கு மேல்

பாஸ்கல் கேரம் ஆட உட்கார்ந்தால், போர்டைச் சுற்றி இருப்பவர்கள் மட்டுமல்ல, எதிர்வீட்டில் இருப்பவர்களும் தலையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற கை அது. அவர் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் காய் குழியில் விழாது, ஊருக்குள் விழும். ஒரு கறுப்புக் காய் எதிர்வீட்டு ஆன்சி வைத்த வஞ்சிரக் குழம்பில் போய் விழுந்து, அதை மாங்காய்த் துண்டு என்று நினைத்து அவள் புருஷன் கால் மணி நேரம் மென்றிருக்கிறான். ஸ்ட்ரைக்கர் ஒருமுறை ஜன்னல் வழியாகப் பறந்து எண்ணூர் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்காமல் திருவொற்றியூர் தேரடி வரைக்கும் போய்விட்டது. மறுநாள் கண்டக்டர்தான் கொண்டுவந்து கொடுத்தார். ராயபுரத்தில் இதை நம்பாதவர் யாராவது இருந்தால், அவர் மணலியிலிருந்து குடிவந்தவராகத்தான் இருப்பார்.

இத்தனைக்கும் பாஸ்கல் முரடர் இல்லை. பயந்தவர். சாதாரண நாட்களில் அவர் ஆட்டம் சுமாராகவே இருக்கும். மேட்ச் என்று சொல்லிவிட்டால் போதும், வலது கை ஆட்டுக்குட்டி மாதிரி நடுங்க ஆரம்பிக்கும். நடுக்கம் வெளியே தெரியாமல் இருக்க அவர் கண்டுபிடித்த ஒரே வழி, ஓங்கி அடிப்பது. கை நடுங்கியதை யாரும் பார்த்ததில்லை. காய் பறந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

அந்தோணியார் கேரம் மன்றம் என்பது மாதா கோயில் சந்தில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. நடுவில் ஒரு போர்டு, அதன் தலைக்கு மேல் தாழத் தொங்கும் ஒரு பல்பு, மூலையில் அலமாரி மேல் அந்தோணியார். அங்கே இருபது வருஷமாகத் தினம் சாயங்காலம் பாஸ்கலுக்கு எதிரே உட்கார்ந்து ஜோடி ஆடுபவர் தாமோதரன். நெட்டுக்குப்பத்து மீனவர் வீட்டுப் பிள்ளை, இழுவைப் படகில் இன்ஜின் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காயை அடிக்கமாட்டார், 'கொஞ்சம் அந்தப் பக்கம் போறியா கண்ணு' என்று கேட்டுக்கொள்வார். காயும் போகும்.

அந்தத் தாமோதரன்தான் ஒரு திங்கட்கிழமை ஆட்டம் முடிந்ததும், காய்களை டப்பாவில் போட்டுக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"மாமு, வர்ற ஞாயித்துக்கெயம வியாசர்பாடி டீம் வருது. இந்த வாட்டி ஒரு காயி வெளிய பறந்தாலும் சரி, கப்பு போனாலும் சரி, மறுநாள்லருந்து என் எதுர்ல ஃப்ரெடிதான் குந்துவான். நீ ஸ்கோர் எய்து."

ஃப்ரெடி கன்டெய்னர் யார்டில் வேலை செய்யும் முப்பது வயதுக்காரன். சொந்தமாக ஒரு ஸ்ட்ரைக்கரை வெல்வெட் பையில் வைத்துக்கொண்டு, ஆறு மாதமாக பாஸ்கல் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறான். பாஸ்கல் தும்மினால்கூட 'அங்கிள், எழுந்துக்கறீங்களா' என்று கேட்பான். ஸ்கோர் எழுதும் நாற்காலியோ சுவரோரம் இருப்பது. அதில் உட்கார்ந்தவர் எவரும் மறுபடி போர்டுக்கு வந்ததில்லை. கடைசியாக உட்கார்ந்த கப்ரியேல் அண்ணன் தூங்கிப் போனதைக்கூட யாரும் கவனிக்கவில்லை, மூன்று கேம் கழித்து ஸ்கோர் ஏறவில்லையே என்றுதான் திரும்பிப் பார்த்தார்கள். அன்றிரவு பாஸ்கல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி படுத்திருந்தார். சாயங்காலம் ஐந்து மணிக்குத் தாமுவுக்கு எதிரே உட்காராத ஒரு வாழ்க்கையை அவர் நினைத்துப் பார்த்தார். அதில் மனைவி சில்வியாவின் சீரியல்கள் மட்டும் வரிசையாக ஓடின.

சில்வியாதான் வழி சொன்னாள். கல்மண்டபம் பக்கம் ஓமியோபதி பார்க்கும் ரஹீமுன்னிசா டாக்டரிடம் போகச் சொன்னாள். தன்னுடைய பத்து வருஷத் தும்மலை நிறுத்தியது அவர்தான் என்பது சில்வியாவின் கட்சி. தும்மல் அலுத்துப்போய்த் தானாக நின்றுவிட்டது என்பது பாஸ்கல் கட்சி. இருந்தாலும் போனார்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை, ஊசியை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பீர்கள், இனிப்பு பிடிக்குமா உப்பு பிடிக்குமா, இடி இடித்தால் எங்கே போய் உட்காருவீர்கள், கோபம் வந்தால் கத்துவீர்களா, சோறு வேண்டாம் என்பீர்களா. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட பாஸ்கல் இவ்வளவு சொன்னதில்லை. கடைசியில் கனவு. அதையும் சொன்னார். கனவில் அவர் கிரேனால் மாதா கோயிலை அப்படியே தூக்கிக் கப்பலில் இறக்குவார். உள்ளே பூசை நடந்துகொண்டிருக்கும். இறக்கப் போகிற நேரம் பார்த்துக் கை நடுங்கும். கோபுர மணி தானாக அடிக்கும். பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாக அவரையே பார்க்கும்.

டாக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு உள்ளே போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். வெள்ளைக் காகிதத்தில் மடித்தது. உள்ளே இருந்த பொடி, ஒரு எறும்பு அதன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டால் பற்றாது.

"இவ்ளோதானா டாக்டரம்மா?"

"இவ்வளவுதான். மேட்ச் அன்னைக்குக் காலையில நாக்குல போட்டுக்குங்க."

பாஸ்கல் சாயங்காலத்துக்கு ஒன்று கேட்டார். ராத்திரிக்கு ஒன்று. போகட்டும், கைவசம் இருக்க ஒன்று. கிரேன் ஓட்டினவர் உடம்பு, பெரிய உடம்பு, அதற்கேற்ற மாதிரி ஒரு கால் கிலோவாவது வேண்டாமா என்று மன்றாடினார். டாக்டர் பேனாவை மூடினார்.

"தூங்குறவரை எழுப்பணும்னா தோளைத் தொட்டா போதும் பாஸ்கல் சார். எழுந்து உட்கார்ந்த பிறகும் உலுக்கினீங்கன்னா உங்களைத்தான் அடிப்பார். மருந்தும் அப்படித்தான். எவ்வளவு குறைச்சலா கொடுத்தா வேலை நடக்குமோ, அவ்வளவுதான் கொடுக்கணும். அதுக்கு மேல ஒரு பொட்டுகூடக் கூடாது."

பாஸ்கல் தலையாட்டிவிட்டு வந்தாரே தவிர, அவருக்கு அது ஏறவில்லை. தலைவலி என்றால் அவர் தைலத்தை விரலால் தொட்டுத் தடவுகிறவர் அல்ல; பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு, தெருவே கண்ணைக் கசக்கும்படி வலம் வருகிறவர். ஒரு பொட்டலத்துக்கே நடுக்கம் நிற்கும் என்றால், ஒரு கூடைக்கு என்ன ஆகும் என்று யோசித்தார். நடுக்கம் நின்று, மூட்டுவலி நின்று, தலையில் முடிகூட முளைக்கலாம்.

அன்று சாயங்காலமே வேலையை ஆரம்பித்தார். முதலில் சில்வியாவைத் தன் வியாதியோடும் தன் கனவோடும் டாக்டரிடம் அனுப்பினார். அவள் சீரியல் வசனம் மாதிரி ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்துவிட்டு ஒரு பொட்டலத்தோடு திரும்பினாள். அடுத்தது மச்சான் லூர்து. அவன் பாதியில் மறந்துபோய், கிரேனைச் சாமியாரே ஓட்டினார் என்று சொல்லிவிட்டான். எதிர்வீட்டு ஆன்சி போனாள். மீன்காரி பவானி போனாள். தனக்கு மாதா கோயில் கனவில் வருவது நியாயமில்லை என்று அவளாகவே முடிவு செய்து, வடிவுடையம்மன் கோயிலைத் தூக்கிக் கப்பலில் வைத்தாள். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அந்தத் தெருவே டாக்டர் வாசலில் நின்றது. எல்லோருக்கும் கை நடுங்கியது, எல்லோரும் கட்டடங்களைக் கப்பலில் ஏற்றினார்கள். டாக்டர் மூன்றாவது ஆளோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டார். ஆனால் முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

சனிக்கிழமை பாஸ்கலிடம் ஒரு கை நிறையப் பொடி சேர்ந்துவிட்டது. அத்தனை காகிதத்தைப் பிரிப்பது மேட்ச் நடுவில் ஆகாத காரியம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, நியூஸ் பேப்பரில் மடித்து, நூல் சுற்றினார்.

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. போர்டு வழவழப்பாக ஓடுவதற்குத் தூவுகிற போரிக் பவுடரை மேட்சுக்கு முன்பே நியூஸ் பேப்பரில் பொட்டலம் கட்டி, அந்தோணியார் காலடியில் வைத்துவிட வேண்டும். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் மூத்த ஆட்டக்காரர் எடுத்துப் பிரித்துத் தூவுவார். தாமோதரன்கூட அந்தப் பொட்டலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் உட்காரமாட்டார். பவுடர் பொட்டலம் கட்டுவது பாஸ்கல் பொறுப்பு. கட்டி வைத்தவர், மருந்துக்கும் கொஞ்சம் ஆசீர்வாதம் ஏறட்டுமே என்று அந்தப் பொட்டலத்தையும் பக்கத்திலேயே வைத்தார். இரண்டும் ஒரே பேப்பர், ஒரே நூல், ஒரே பருமன். பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டாக்டர் சொன்னபடி முதல் பொட்டலத்தை நாக்கில் போட்டுக்கொண்டார். பெரிய பொட்டலத்தைத் தேவைப்படும் நேரத்துக்கு என்று ஒதுக்கியிருந்தார். இரண்டாம் பூசை முடிந்ததும் வியாசர்பாடி ஜோடி வந்து இறங்கியது. வெற்றி, பாக்ஸிங் கோச். கை ஒவ்வொன்றும் பலாக்காய் அளவு இருக்கும். ஆனால் ஸ்ட்ரைக்கரைத் தொட்டால் குழந்தைக்குப் பொட்டு வைக்கிற மாதிரி தொடுவார். அவர் மனைவி நர்மதா, ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். போர்டைப் பார்த்தாலே எந்த மூலை அரை நூல் தாழ்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அறைக்குள் இடமில்லாமல் ஜனம் ஜன்னலில் தொங்கியது. தகரத்தின் மேல்கூட இரண்டு பேர் இருந்ததாகக் கேள்வி. பாஸ்கல் நாற்காலிக்குப் பின்னால் ஃப்ரெடி, கையில் வெல்வெட் பை.

பாஸ்கல் அந்தோணியார் காலடியிலிருந்து பொட்டலத்தை எடுத்து, பிரித்து, போர்டு மேல் தாராளமாகத் தூவினார்.

ஆட்டம் தொடங்கியதும் ஓர் அதிசயம் நடந்தது. நர்மதா பொட்டு வைத்த மாதிரி ஒரு கட் அடித்தாள். ஸ்ட்ரைக்கர் மணலில் மாட்டிய சைக்கிள் மாதிரி பாதி தூரத்தில் நின்றுவிட்டது. வெற்றி அடித்தது காய் வரைக்கும் போய், அதை முட்டாமலே ஓய்வெடுத்தது. தாமோதரன் கெஞ்சிக் கேட்டும் ஒரு காயும் நகரவில்லை. பாஸ்கல் முறை வந்தது. கை நடுங்கியது. வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி ஒரு சுண்டு சுண்டினார். எதிர்வீட்டு ஆன்சி அதற்குள் குழம்புச் சட்டியை மூடிவிட்டாள். ஆனால் வெள்ளைக் காய் பறக்கவில்லை. நேராகப் போய், குழி வாசலில் ஒரு மரியாதைக்கு நின்று, உள்ளே இறங்கியது.

பாஸ்கல் கண்ணைத் திறந்து பார்த்தார். மறுபடி அடித்தார். மறுபடி விழுந்தது. ரெட் விழுந்தது, அதற்குக் கவராகக் கூடவே ஒரு காயும் விழுந்தது. அடிக்கிற ஒவ்வொரு இடிக்கும் ஒரு காய் அடக்க ஒடுக்கமாகக் குழிக்குள் போயிற்று. முதல் போர்டு, அதாவது முதல் சுற்று, ராயபுரத்துக்கு. இரண்டாவது போர்டும் ராயபுரத்துக்கு. ஜன்னலில் தொங்கியவர்கள் விசிலடித்ததில் காசிமேட்டுப் படகுகள் கரைக்குத் திரும்பிவிட்டன. பாஸ்கலுக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் போட்ட அந்த எறும்புச் சாப்பாட்டுக்கே இந்த வேகம் என்றால், பெரிய பொட்டலத்தையும் போட்டுக்கொண்டால் அகில இந்தியாவையும் சேர்த்து அடிக்கலாம் என்று கணக்குப் போட்டார்.

டீ இடைவேளை விட்டார்கள். பாஸ்கல் அந்தோணியாரிடம் போய், மிச்சமிருந்த பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தார். அதே நேரம் நர்மதா போர்டைக் குனிந்து பார்த்தாள். மேற்கு மூலையிலிருந்து எறும்புகள் திருவிழாக் கூட்டம் மாதிரி வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. அவள் விரலால் போர்டைத் தொட்டு, நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது? போர்டு தித்திக்குது."

தாமோதரன் போர்டைப் பார்த்தார். எறும்பைப் பார்த்தார். அண்ணாந்து வாயைத் திறந்திருக்கும் பாஸ்கலைப் பார்த்தார். இன்ஜின் ரூம் மனுஷன், நொடியில் புரிந்துவிட்டது. எட்டி ஓர் அடி கொடுத்ததில் பொட்டலம் பறந்து, ஃப்ரெடி தலை முழுக்க வெள்ளையாயிற்று.

"அது போரிக்குடா, துன்னுட்டு சாவப் போறியா?"

அதற்குப் பிறகு அந்த அறையில் நடந்த கூச்சலைக் கேட்டு, பேசின் பிரிட்ஜில் ரயிலை நிறுத்தி என்ன ஏது என்று விசாரித்தார்களாம். வியாசர்பாடிக்காரர்கள் இது கள்ளாட்டம் என்றார்கள். சர்க்கரையைத் தூவிக் கப்பு வாங்கப் பார்த்தார்கள் என்றார்கள். பாஸ்கல் வியர்த்து விறுவிறுத்து எல்லாவற்றையும் கொட்டினார். நடுக்கம், பொட்டலம், சில்வியா, லூர்து, கப்பலில் ஏறிய வடிவுடையம்மன், ஒன்றையும் விடவில்லை. யாரும் நம்பவில்லை. நல்லவேளையாக, தன் வாசலில் வரிசை கட்டிய அத்தனை பேரும் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்க்க வந்த ரஹீமுன்னிசா டாக்டர் கூட்டத்தில் நின்றிருந்தார். சில்வியாதான் அவர் கையைப் பிடித்து இழுத்து முன்னால் கொண்டுவந்தாள்.

"முதல் பொட்டலம் மருந்து. மத்ததெல்லாம் வெறும் பால் சர்க்கரை," என்றார் டாக்டர். "ஒரே கனவைத் தெரு முழுக்கக் கண்டா, நான் வேற என்ன கொடுக்கறது?"

முதலில் சிரித்தது வெற்றிதான். அவர் சிரித்தால் தகரம் அதிரும். அப்புறம் நர்மதா. அப்புறம் ஜன்னல். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். ஆடிய இரண்டு போர்டும் செல்லாது. போர்டைத் துடைத்து, நல்ல பவுடர் போட்டு, புதிதாக ஒரே ஒரு போர்டு. அதில் ஜெயிக்கிறவருக்குக் கப்பு.

தாமோதரன் சிரிக்கவில்லை. ஃப்ரெடி தலையைத் தட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றான், இந்த முறை நாற்காலி முதுகில் கையை வைத்துக்கொண்டு.

ஈரத் துணியால் துடைத்து, மின்விசிறியில் காயவைத்து, போரிக் தூவியதும் போர்டு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. இப்போது பாஸ்கல் அடித்தால் காய் பழவேற்காட்டில் போய்த்தான் நிற்கும். அது அவருக்கும் தெரிந்தது. டாக்டர் முகத்தைப் பார்த்தார். குறைச்சல், குறைச்சல் என்று மனதுக்குள் மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டார். எதைச் செய்தாலும் கூடுதலாகச் செய்கிற மனுஷன், குறைத்துக்கொள்வதையும் கூடுதலாகவே செய்தார். முதல் அடியில் ஸ்ட்ரைக்கர் ஒரு விரற்கடை நகர்ந்தது. இரண்டாவதில் அரை விரற்கடை. மூன்றாவதில் அது நகர்ந்ததா இல்லையா என்று நர்மதா குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. தாமோதரன் ஒற்றை ஆளாக ரெட்டையும் எடுத்து, கவரும் போட்டு, வேர்த்துக்கொட்ட ஆட்டத்தைச் சமமாக இழுத்துவந்தார். வந்து, போர்டின் மேல் குனிந்து, ஜன்னலுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"கம்மியா அடின்னா வேல நடக்கற மாதிரி கம்மியா அடிக்கணும் மாமு. போய்ச் சேராத கம்மிய வெச்சுக்கினு நான் இன்னா பண்ண?"

பாஸ்கலுக்கு அந்த நிமிஷம் டாக்டர் சொன்னது முழுசாக ஏறியது. வேலை நடக்கணும் என்ற பாதியை அவர் காதிலேயே வாங்கியிருக்கவில்லை.

கடைசியில் ஜோடிக்கு ஒரு காய். முறை பாஸ்கலுடையது. வெள்ளைக் காய் இடது மூலைக் குழி வாசலில் உட்கார்ந்திருந்தது. அதை ஒட்டி, மாமியாரும் மருமகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி, எதிராளியின் கடைசிக் கறுப்பு. கொஞ்சம் ஓங்கினால் இரண்டும் விழும். கறுப்பு விழுந்தால் கப்பு வியாசர்பாடிக்கு. கொஞ்சம் குறைந்தால் ஒன்றும் விழாது. அடுத்த முறை நர்மதாவுக்கு, அவள் கண்ணைக் கட்டிக்கொண்டே போட்டுவிடுவாள்.

பாஸ்கல் ஸ்ட்ரைக்கரை வைத்தார். விரலை மடக்கி அதன் பின்னால் நிறுத்தினார். எவ்வளவு? இவ்வளவா? அதில் பாதியா? அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. கை நடுங்க ஆரம்பித்தது. இந்தத் தடவை அதை மறைக்க ஓங்குவதற்கு வழியில்லை. நடுக்கம் தோளில் பிறந்து, முழங்கை வழியாக இறங்கி, விரல் நுனிக்கு வந்து, ஸ்ட்ரைக்கரை ஒரு தட்டுத் தட்டியது. அடி என்று அதைச் சொல்ல முடியாது. கொசு உட்கார்ந்தால் நாம் தோலை அசைப்போமே, அந்த அளவு.

ஸ்ட்ரைக்கர் கிளம்பியது. ஒரு கன்டெய்னர் லாரி எண்ணூர் போய்த் திரும்புகிற நேரம் எடுத்துக்கொண்டு போர்டைக் கடந்தது. ஜன்னலில் தொங்கியவர்கள் எல்லோரும் உடம்பை இடது பக்கம் சாய்த்தார்கள். வெள்ளைக் காயின் கன்னத்தில் அது போய்த் தொட்டது. வெள்ளை யோசித்தது. யோசித்துவிட்டு உள்ளே விழுந்தது. கறுப்பு, குழியின் விளிம்பில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு, அங்கேயே நின்றது.

கூரை மேல் இருந்தவர்கள் எப்படிக் கீழே வந்தார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வெற்றி எழுந்து பாஸ்கலைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிச் சுற்றினார். நர்மதா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அது அடிச்சதா நடுங்குனதா நைனா, உண்மையச் சொல்லு என்று கேட்டாள். காற்றில் சுற்றிக்கொண்டே பாஸ்கல், அளந்து அடித்தது என்றார். டாக்டர் வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டார்.

தாமோதரன் அவருடைய இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெற்றி இறக்கிவிட்டதும் பாஸ்கல் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். உட்காரலாமா என்று தெரியவில்லை. தாமோதரன் பாஸ்கலைப் பார்க்காமல், வெள்ளைத் தலையோடு நின்றுகொண்டிருந்த ஃப்ரெடியிடம், அந்த நாற்காலி மேலிருந்து கையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார். அவன் போனதும் காய்களைப் போர்டு நடுவில் குவித்து அடுக்க ஆரம்பித்தார். ரெட்டை நடுவில் வைத்தார்.

"குந்துடா," என்றார். "டீ வர்றதுக்குள்ள ஒரு போர்டு."